ஒன்றரை மணிக்கொரு கிரகணம்

என் கணவருக்குக் கடவுளில் நம்பிக்கை குறைவு, பேப்பரில் நம்பிக்கை அதிகம். கிரகணத்தன்று ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் இவர் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் என்னை ஒரு கிழமை வீட்டுக்குள் பூட்டாத குறையாகக் காவல் காத்தார் என்றால், அதற்குக் காரணம் இந்தியா.

எண்பத்துநாலாம் ஆண்டு, பங்குனி முடியப்போகிற நேரம். இந்தியா தன் முதல் மனிதரை சோவியத் விண்கப்பலில் ஏற்றி ஆகாயத்துக்கு அனுப்பியது. அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே இவர் அந்தச் செய்தியைக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தார். விசுவமடுச் சந்தித் தேத்தண்ணிக்கடையில் பேப்பர், வீட்டில் ரேடியோ. விமானிகள் இரண்டு பேரைத் தெரிந்தெடுத்து ரஷ்யாவில் பழக்குகிறார்கள், ஒருவர்தான் போவார், மற்றவர் ஆயத்தமாக நிற்பார் என்று சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பாடம் நடக்கும். போகப்போகிறவரைவிட நிற்கப்போகிறவரை நினைத்துத்தான் இவருக்குக் கவலை.

"அம்புட்டும் படிச்சிட்டு கடைசில தரையில நிக்கணும்னா, அந்த மனுசன் மனசு என்னா பாடுபடும் புள்ள?" என்பார்.

இந்தியாவில் இவருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். பாட்டனார் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு, உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்து சேர்ந்தவர்கள். இலங்கையும் இவரைத் தன் பிரசை என்று சொல்லவில்லை, இந்தியாவும் சொல்லவில்லை. இவர் மட்டும் விட்டுக்கொடுக்காமல் "நம்ம ஆளு மேல போறாரு" என்பார்.

"அந்த ஆளுக்கு உங்களைத் தெரியுமோ?" என்று சீண்டுவேன்.

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"



நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்தவர்கள். எங்கள் வயலுக்கு உழவு மெசின் ஓட்ட வந்தவரைத்தான் நான் கட்டினேன். அதோடு என்னைப் பெற்ற ஐயா வீட்டு வாசற்படலை எங்களுக்குச் சாத்தியாயிற்று. அதனால் எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கியபோதும், தங்காமல் போனபோதும் கூட இருந்தவர் இவர் ஒருவர்தான்.

இரண்டு பிள்ளைகளை ஏழாம் மாதத்தில் இழந்திருந்தோம். இரண்டு தடவையும் ஒரே மாதிரி. காலையில் எழும்பினால் வயிற்றுக்குள் அசைவில்லை. இரண்டாவது பிள்ளை போவதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான் ஒரு கிரகணம் வந்தது. வந்து பார் என்று இவர் கூப்பிட, நானும் முற்றத்தில் போய் நின்று சிரித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு அயலில் அதை வைத்துத்தான் கதைத்தார்கள். இவர் காதிலும் அது விழுந்திருக்கும். என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

மூன்றாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம் பிறந்த கிழமைதான் விண்கப்பல் மேலே போனது. அன்று சந்தியிலிருந்து திரும்பியவருடைய முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த என் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கினார்.

"உள்ள போ புள்ள."

"ஏன், என்ன நடந்தது?"

"நம்ம ஆளு மேல சுத்துறாரு. ஒன்றரை மணிக்கொரு தரம் பூமிய ஒரு சுத்து. கெரகணம்னா என்னா? சூரியனுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணு வர்றது. இதுவும் நடுவுலதான வருது?"

"அது ஒரு பஸ் அளவும் இராதப்பா!"

"அளவா முக்கியம்?"

பேப்பர் படிப்பு அரைக்கிணறு தாண்டினால் மனிதரை எங்கே கொண்டுபோய் விழுத்தும், பாருங்கள். ஒன்றரை மணிக்கொரு கிரகணம் என்றால் இடைவெளிக்கு எங்கே போவது? ஆகாயத்துக்குப் போனவர் இறங்கும் வரைக்கும் நான் முற்றத்தில் இறங்கக் கூடாது. கத்தி, அரிவாள் தொடக் கூடாது. மரக்கறியை இவரே வெட்டினார். வாழைக்காய்த் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் கிடக்கும். பாதி கரைந்துவிடும், பாதி வேகாது. கக்கூசுக்குப் போவதென்றால் கறுப்புக் குடையை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே வந்து, நான் வெளியே வரும் வரைக்கும் வாசலில் நிற்பார். அயல்பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நான் அதை நம்பினேனா என்றால், இல்லை. ஆனாலும் அடங்கி இருந்தேன். பிள்ளை வளர்வது என் வயிற்றில். பயப்படுவதைத் தவிர இவருக்கு வேறு வேலை இல்லை. பிடிக்க ஒரு குடையாவது இருந்தால் மனிதருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி ஒருவர் என்னைத் தாங்கிக்கொண்டு திரிந்தது எனக்கும் பிடித்திருந்தது.

பின்னேரங்களில் ரேடியோவைக் கதிரையில் வைத்து இருவரும் கேட்போம். ஆகாயத்தில் அவர் பாரமில்லாமல் மிதந்தபடி யோகாசனம் செய்து பார்க்கிறாராம்.

"அவருக்கும் வெளிய எறங்க ஏலாது, ஒனக்கும் ஏலாது. ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க" என்றார் இவர். "அவரு நல்லபடியா எறங்கிட்டா நம்ம புள்ளையும் நல்லபடியா வந்திரும்."

அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகாயத்துக்குப் போனவர் இன்னும் மேலேதான் இருந்தார். ஒரு நாள் காலையில் எழும்பினேன். வயிற்றுக்குள் அசைவில்லை.

இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன், வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன். சீனி போட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டும் பார்த்தேன். ஒன்றுமில்லை. இவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு, தனக்குள்ளே ஏதோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? சூரியன் உச்சிக்கு ஏறின பிறகுதான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இஞ்சருங்கோ, பிள்ளை துடிக்கேல்லை."

இவர் உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவின பெட்டிக்குள் வைக்கோலைக் கொட்டினார், அதற்கு மேல் பாயையும் தலையணைகளையும் போட்டார். வந்து என்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடு முற்றத்தால் போனார். உச்சி வெயில். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. குடை கதவு மூலையில் சாத்தினபடியே கிடந்தது.

"குடை…" என்று நான்தான் சொன்னேன்.

"கெடக்கட்டும்."

விண்கப்பல் அந்த நேரம் எங்கள் தலைக்கு மேலேகூடப் போயிருக்கலாம். இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளிநொச்சி வரைக்கும் ரோட்டு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெசினை மெதுவாக்கி, திரும்பி, "நோவுதா புள்ள?" என்று கேட்டார். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ!" என்று ஒவ்வொரு தடவையும் ஏசினேன். ஏசாமல் விட்டால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நடுவயது மருத்துவிச்சி ஒருவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்தார். மரத்தால் செய்த சின்னக் குழல் ஒன்றை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழலை இடம் மாற்றினார். திரும்பவும் மாற்றினார். முந்தின இரண்டு தடவையும் இப்படித்தான் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்தார்கள். கையைப் பிடித்துவிடாதே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"நல்ல நித்திரை உங்கட பிள்ளை" என்றார் மருத்துவிச்சி. "இதயம் குதிரை மாதிரி ஓடுது. இதுக்கே பயந்து போனனீங்கள்? வெளியில நிக்கிறது ஆர், தகப்பனோ? உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ."

எதற்கும் இருக்கட்டும் என்று அவர்கள் என்னை அங்கேயே மறித்து வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் ஒன்றில்தான் விண்கப்பலில் போனவர் சுகமாக இறங்கினார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. பிறகு சோற்றுப்பார்சல் சுற்றி வந்த பேப்பரில் இவர் பார்த்தார். மகள் ஆனியில் பிறந்தாள். அழுதால் ஆஸ்பத்திரியே அதிரும். அதெல்லாம் சந்தோசம்தான். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த மத்தியானத்தைத்தான்.

இவர் கட்டிலடியில் முழங்காலில் இருந்தார். மேலெல்லாம் வைக்கோல் தும்பு. மருத்துவிச்சி குழலைப் பிடித்துக் கொடுக்க, காதை வைத்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை போலும், புருவத்தைச் சுருக்கினார். பிறகு வாய் திறந்தபடி அப்படியே இருந்துவிட்டார்.

"காணும், கேட்டது போதும், எழும்புங்கோ" என்றார் மருத்துவிச்சி.

இவர் எழும்பவில்லை. என் வயிறு நனைந்தபோதுதான் அழுகிறார் என்று எனக்கு விளங்கியது.

"ஏனப்பா அழுறியள்? பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டுதானே சொல்லினம்."

காதை எடுக்காமலே சொன்னார்: "மொத ரெண்டு புள்ளைக்கும் இத யாரும் எனக்குக் கேக்கக் குடுக்கலியே."

நான் அவருடைய தலையில் கையை வைத்தேன். மருத்துவிச்சி பிறகு அவரை எழும்பச் சொல்லவில்லை.