கயிற்றுக்கு அந்தப் பக்கம்

இங்கிலாந்தில் ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பறவைக் காப்பகத்தின் வாசலில் ஞாயிறுதோறும் தேநீர் விற்பவள் தெல்மா. காப்பகம் என்றால் பெரிய காடு ஒன்றும் இல்லை, பழைய சரளைப் பள்ளம். தோண்டித் தீர்த்ததும் தண்ணீர் ஏறியது, பறவைகள் வந்தன. செத்துப்போன அவளுடைய கணவர் அங்கேதான் லாரி ஓட்டினார். ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை எழுதி வைத்ததும் தெல்மாதான். அதை மதிக்காதவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

அந்த மே மாதம் சரளைமேட்டில் ஒரு ஜோடி உப்புக்கொத்திப் பறவை வெறுந்தரையிலேயே முட்டையிட்டது. சுற்றிலும் கயிறு கட்டினோம். மரக்குடிசைக்குள் மறைந்து உட்கார்ந்து, கிசுகிசுத்தபடி பார்த்தோம். பிரசவ வீடு தோற்றது போங்கள்.

ஒரு மழைக் காலையில், யாரும் இல்லை என்ற தைரியத்தில், தெல்மா தன் கிழட்டு நாய் பிஸ்கட்டைக் கூட்டிப் போனாள். கணவரோடு அது நடந்த இடம். சாவதற்குள் ஒரு தடவை காட்டிவிட ஆசை. அது கயிற்றுக்குள் புகுந்துவிட்டது. பிடிக்க ஓடினாள். அந்த முட்டைகள் கூழாங்கல் மாதிரியே இருக்கும். பூட்சுக்கடியில் நொறுங்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சேற்றில் நாயின் தடத்தைப் பார்த்ததும் எல்லோரும் மெர்வினைச் சொன்னோம். பலகையைச் சட்டை செய்யாமல் நாயோடு திரிகிறவன் அவன் ஒருவன்தான். நானும் சேர்ந்து கத்தினேன். இனி உள்ளே வராதே என்று சொல்லிவிட்டோம். அவன் வாயைத் திறக்கவில்லை. தெல்மாவும் திறக்கவில்லை. சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் பாதியாகிப் போனாள். கணவரை நினைத்து ஏங்குகிறாள் என்று நாங்கள் பரிதாபப்பட்டோம்.

ஞாயிறுதோறும் மெர்வின் வாசலுக்கு வெளியே வந்து நிற்பான். ஜூன் கடைசியில் ஒருநாள் கூப்பிட்டான்.

“ஒரு டீ குடுங்க தெல்மா. உள்ள வரமாட்டேன், பயப்படாதீங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் பக்கத்திலேயே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

“மெர்வின், அன்னிக்கு வந்தது என் பிஸ்கட்டு. முட்டைய மிதிச்சது நான்.”

“தெரியும். எதிர்க்கரையில நின்னு பாத்தேன்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொல்லுவீங்கன்னுதான் வாராவாரம் வந்து நின்னேன்.” டீயை ஊதிக்கொண்டே குடிசையைக் காட்டினான். “என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அங்க போய்ச் சொல்லுங்க.”

தெல்மா ஏப்ரனைக் கழற்றினாள். கிசுகிசுப்பைத் தவிர வேறெதையும் கேட்டிராத அந்தக் குடிசையில் எல்லோர் முன்னாலும் நின்று உரக்கச் சொன்னாள். தண்ணீரில் இருந்த பறவைகள் அத்தனையும் எழுந்து பறந்தன. ‘உஷ்’ என்று அவளை யாரும் அடக்கவில்லை.