வாசலில் கிடந்த சிலிப்பர்கள்

இப்போதெல்லாம் போனிலேயே நேரம் குறித்துக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போகிறேன். ஆனாலும் வாசலில் சிலிப்பர்களைக் கண்டால் அத்தை ஞாபகம் வந்துவிடுகிறது.

மலேசியாவில் சிம்பாங் அம்பாட் பக்கம், அப்பா அம்மா வேலை செய்த எஸ்டேட்தான் எங்கள் தோட்டம். முதல் பஸ் பிடித்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால், டவுன்காரர்களின் சிலிப்பர்கள் ஏற்கெனவே வாசலில் வரிசை பிடித்திருக்கும். ஆள் பசியாறப் போயிருப்பார். சிலிப்பர் அவருக்காக நிற்கும். எங்கள் முறை வருவதற்குள் நம்பர் சீட்டு தீர்ந்துவிடும். “நாளைக்கு வாங்க” என்பார் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். “பரவால்ல மிஸ்ஸி” என்று எல்லாரும் பல்லைக் காட்டுவார்கள். திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் அதே ஆட்கள் வீராதி வீரர்களாகி அரசாங்கத்தையே கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதில் அத்தைதான் முதல் ஆள்.

அத்தைக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது காலில் ஒரு புண், ஆறவே இல்லை. நம்பர் கிடைக்காத நாள்களில் எனக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோல் ஐஸ் வாங்கித் தருவார். ஆகா, அந்தக் கருப்பட்டிப் பாகு இன்னும் நாக்கில் நிற்கிறது! இன்றைக்கும் நம்பர் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே கூடப் போவேன்.

பிறகு அத்தை பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் இருந்தார். திரும்பி வந்தபோது சக்கர நாற்காலி, தரைவரை தொங்கும் கைலி. பெரியவர்கள் கிசுகிசுத்தார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தொகுதிப் பிரதிநிதி வந்தார், எல்லாருக்கும் அவர் ஒய்.பி. மாலை, பொன்னாடை, உருமி மேளம் எல்லாம் முடிந்து வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கோயில் வாசலிலிருந்து அவருடைய கார்வரை ஒரே சிலிப்பர் வரிசை, பக்கத்தில் சக்கர நாற்காலியில் அத்தை.

“என்னம்மா இது?”

“நம்பர் இல்லாம திரும்பி வந்தவங்க சிலிப்பர், ஒய்.பி. பஸ்ல திட்டித் திட்டி வாய்தான் வலிக்குது லா. தோட்டத்து பஸ் வர்ற வரைக்கும் எங்களுக்குக் கொஞ்சம் நம்பர் எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்றார் அத்தை.

பஸ் வீரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒருவர், “ஆமாங்க ஒய்.பி.” என்றார். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒய்.பி. காரேறினார்.

எல்லாரும் தங்கள் சிலிப்பரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒன்று மட்டும் கிடந்தது, அத்தையின் வலது கால் சிலிப்பர். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“போட்டுக்குங்க அத்தை, தரை சுடுது.”

அத்தை கைலியை இறுக்கிக்கொண்டார். “வேணாம்டி தங்கம். அந்தக் காலுக்கு இனிமே சிலிப்பர் வேணாம்.”

புண் ஆறிவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன்.

சில மாதத்தில் தோட்டத்துக்கென்று தனியாக நம்பர் எடுத்து வைத்தார்கள். போன அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே பஸ் ஏறினோம். செண்டோல் நின்றுபோனது. அத்தை ஜெயித்ததில் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.