ஹாஸ்டல் பாவாடைகள் காய்ந்த சுவர்

1. மீட்டர்

ஏற்காட்டில் அந்த ஹாஸ்டலின் மீட்டரை ஜூலைக் கடைசியில் பார்த்தபோது, தப்பாகப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். யூனிட் குறையவில்லை. நாங்கள் கைவைப்பதற்கு முந்தைய ஜூலையைவிடக் கூடியிருந்தது.

நான் எனர்ஜி ஆடிட்டர். பழைய கட்டிடங்களில் கரண்டும் விறகும் எங்கே வீணாகின்றன என்று அளந்து, சரிசெய்து கொடுப்பது எங்கள் சேலம் கம்பெனியின் வேலை. அந்த ஹாஸ்டல் கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்டது. மஞ்சக்குட்டை, கரடியூர் பக்கத்துப் பெண் பிள்ளைகள் அறுபது பேர் அங்கே தங்கிப் படித்தார்கள். இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்ட, ஹாஸ்டலை நடத்தும் டிரஸ்டிடம் பிளான் தயாராக இருந்தது. புதுக் கட்டிடத்துக்கான சிமென்ட்டையும் கம்பியையும் தயாரிக்கும்போதே ஏகப்பட்ட கார்பன் வெளியாகும், நிற்கிற கட்டிடத்தைச் சீர்செய்வதே மேல் என்று நான் வாதாடினேன். டிரஸ்ட் செக்ரட்டரி அரை மனதோடு சம்மதித்தார்.

"ஒரு மழைக்காலம் தர்றனுங்க. விறகும் குறையோணும், கரண்டும் குறையோணும். இல்லீன்னா இடிச்சுருவோம்."

விறகு எரிப்பது முழுசாக நின்றிருந்தது. கரண்ட் ஏறியிருந்தது. எங்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, கரண்டை மிச்சம் பண்ணப் போனியா, இல்ல கரண்டு வித்துட்டு வந்தியா?" என்றார்.

2. ஏப்ரலில் செய்தது

ஓட்டுக்கு அடியில் இன்சுலேஷன் போர்டு அடித்தோம். ஜன்னல் இடுக்குகளை அடைத்தோம். பல்புகளை மாற்றினோம். சமையற்கட்டில் நாள் முழுக்க எரிந்த மூன்று விறகு அடுப்புகளை எடுத்துவிட்டு, சோறும் வெந்நீரும் ஆக்க கேஸ் ஸ்டீம் பாய்லர் வைத்தோம். அதன் புகைக்குழாயைச் சுவரில் ஓட்டை போட்டு நேராக வெளியே விட்டோம். பழைய கல் சிம்னியை மேலே பலகைக்கல் வைத்து மூடினோம்.

சிம்னிச் சுவருக்குப் பின்னால் நீளமாக ஒரு அறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சுவருக்குச் சுவர் கம்பி மட்டும் கட்டியிருந்தது. ‘காலி அறை, உபயோகம் இல்லை’ என்று ஷீட்டில் எழுதினேன். எழுதியது நான்தான்.

3. ரோசலின் அக்கா

கரண்ட் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று பதிவுசெய்யும் கருவியை மெயினில் மாட்டி இரண்டு நாள் விட்டேன். இரண்டு நாளும் காலை ஒன்பதரைக்கு ஏறி மூன்று மணிக்கு இறங்கியது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள்.

மூன்றாம் நாள் பத்து மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். நான் காலி என்று எழுதிய அறையில் இரண்டு காயில் ஹீட்டர்கள் சிவந்துகொண்டிருந்தன. கம்பி முழுக்க ஊதா நிறப் பாவாடைகள். சமையற்கட்டின் பொறுப்பாளர் ரோசலின் அக்கா ஒரு பாவாடையை அயர்ன் செய்துகொண்டிருந்தார். ஆவி எழும்பியது.

"வந்துட்டீங்களா? இன்னைக்கோ நாளைக்கோ புடிப்பீங்கன்னு தெரியுமுங்க."

"என்னக்கா இது?"

"ஏனுங்க மேடம், உங்க ஊட்ல துணி எங்க காயும்?"

"மொட்டை மாடியில."

"எத்தன நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"இங்க மேகம் எறங்குனா ஒரு வாரம் ஆனாலும் காயாதுங்க. நாத்தந்தான் அடிக்கும். அடுப்பு எரிஞ்ச வரைக்கும் இந்தச் செவுரு எந்நேரமும் கதகதன்னு இருக்கும். சாயங்காலம் போட்டா காலைல மொடமொடன்னு எடுக்கலாம். நீங்க அடுப்பைப் புடுங்கிட்டுப் போயிட்டீங்க. பிள்ளைங்க ஈரப் பாவாடையக் கட்டிக்கிட்டா போவும்?"

"ஏப்ரல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே! நாலு நாளா சன்னல அளந்தீங்க, பல்ப எண்ணுனீங்க. எங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். டீ கெடைக்குமான்னு."

செக்ரட்டரி போட்ட நிபந்தனையை அக்காவிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தார்.

"இடிச்சா பிள்ளைங்க எங்க இருக்கும்?"

"கட்டி முடிக்கிற வரைக்கும் ஊருக்குத்தான் போகணும்."

"போனா பாதிப் பேரு திரும்பி வராதுங்க. எனக்குத் தெரியும்." குனிந்து இரண்டு ஹீட்டர் பிளக்கையும் பிடுங்கினார். "நீங்க நொம்பப் படிச்சவங்க. ஒரு வழி சொல்லுங்க."

சுவரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் ஸ்டீம் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். நான் போட்ட ஓட்டை வழியாகப் பாய்லரின் சூடு முழுவதும் மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சூட்டை வீணாக்காதே என்று சொல்ல வந்த நானே அதை வெளியே விட்டிருந்தேன்.

4. சுவர்

ஆகஸ்டில் சிம்னியின் மூடியை எடுத்தோம். உள்ளே மேலிருந்து கீழ்வரை ஸ்டீல் குழாய் இறக்கி, பாய்லரின் புகையை அதில் திருப்பினோம். புகை அறைக்குள் கசியவில்லை என்று சோதித்துப் பார்த்தோம். ஈரக் காற்று வெளியேற ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். கூடுதல் கேஸ் கிடையாது. கரண்ட் அந்த ஃபேனுக்கு மட்டும். மூன்றாம் நாள் சுவர் சூடேறிவிட்டது என்று ரோசலின் அக்கா போன் செய்தார். டீச்சர்களிடம் இரவல் வாங்கியிருந்த ஹீட்டர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

அக்டோபர் ரீடிங்கை செக்ரட்டரி தானே வந்து படித்தார். முந்தைய அக்டோபரைவிடக் குறைந்திருந்தது. பிறகு அந்த அறைக்கு வந்தார். மழையில் வந்தவர், இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"அய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அது ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைங்க எடம்," என்றார் ரோசலின் அக்கா, ஈரத் துணி வாளியோடு.

செக்ரட்டரி நகர்ந்தார். "இது நிக்கட்டுங்க. ஸ்கூல் கட்டிடத்தையும் வர்ற ஏப்ரல்ல வந்து பாத்துருங்க," என்றார் என்னிடம்.

தலையாட்டப் போனேன். அதற்குள் ரோசலின் அக்கா பாவாடையை உதறியபடி சொன்னார்: "ஏப்ரல்ல எதுக்குங்க அய்யா? மழையில வந்து நனையச் சொல்லுங்க. அப்பத்தான் மேடத்துக்குக் கண்ணு தெரியும்."

அதற்குப் பிறகு எந்த மலைக் கட்டிடத்தையும் வெயில் காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஸ்கூல் கட்டிடத்துக்கு ஜூலையில் போனேன். டேப்பைப் பையிலிருந்து எடுக்காமல், முதலில் அங்கே பெருக்கித் துடைக்கிற அம்மாவைத் தேடினேன்.