கலாதரனை அடித்த கை

மேச்சேரி ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லுகிறவனை அந்தக் காலத்தில் யாரும் வியாபாரி என்று மதிக்கமாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போட வேண்டும். வாங்க வருகிறவன் துண்டுக்கடியில் கையை விட்டு விற்கிறவனின் விரல்களைப் பிடிப்பான். எத்தனை விரலோ அத்தனை. ஒத்துவரவில்லை என்றால் மடக்குவது, நிமிர்த்துவது, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

இதில் இருபது வருஷம் ஊறியவர் தங்கமுத்து. முறம் மாதிரிக் கை. புறங்கையில் சுண்டுவிரல் தொடங்கி மணிக்கட்டுவரை, கிடா ஒன்று கொம்பால் கிழித்த தழும்பு. துண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இது தங்கமுத்து என்று சொல்லிவிடலாம். அந்தக் கை அவருக்குச் சோறு போட்டது. அதே கை சினிமாவில் முகம் காட்டியதுதான் வினையாகிவிட்டது.

அறுபத்தொன்றாம் வருஷம் அயோத்தியாப்பட்டணம் போகிற வழியில் ஒரு சினிமாக் கம்பெனி கொட்டகை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு காட்சிக்கு நாற்பது செம்மறி வேண்டும் என்றார்கள். தங்கமுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். படத்தில் பண்ணையாரின் அடியாள் ஒருவன் ஆட்டுப்பட்டியில் வைத்து நாயகனைக் கன்னத்தில் அறைய வேண்டும். நாயகன் கலாதரன். அன்றைக்குத் தமிழ்நாட்டில் பாதி இளவட்டங்கள் அவரைப் போலத்தான் தலை சீவிக்கொண்டு திரிந்தார்கள். அறைவதற்கென்று சென்னையிலிருந்து கூட்டிவந்த துணை நடிகனுக்குக் காலையிலேயே வயிற்றுவலி. அடுத்தவனுக்குக் கை சுளுக்கு. மூன்றாமவனைத் தேடினால் ஆளையே காணோம். டைரக்டரின் கண் தங்கமுத்துவின் கையில் வந்து விழுந்தது.

இவருக்குப் புல்லரித்துவிட்டது. "பயப்படாம அடிங்க. நெசமா விழணும்" என்று கலாதரனே சொன்னார். நிஜமாகவே விழுந்தது. அடித்த கைக்குத் தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார் அந்த மனுஷன்.

வெளியே மரத்தடியில் பழைய துணை நடிகர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். மேச்சேரி என்றார் தங்கமுத்து.

"அங்க கொட்டகை இருக்கா?"

"டூரிங் டாக்கீஸ் ஒண்ணு இருக்குதுங்க."

அவர் கொஞ்ச நேரம் இவர் கையையே பார்த்தார். "அப்ப உங்க ஊருக்கு வந்து சேரக் கொஞ்ச நாளாகும்" என்றார்.

எது வந்து சேர என்று தங்கமுத்து கேட்கவில்லை. படத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெகுளி.

படம் தைக்கு வெளியானது. அது ஓர் இங்கிலீஷ் படத்தைப் பார்த்து எடுத்தது. அசலைச் சேலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில் ரசிகர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். மேச்சேரி கலாதரன் மன்றத்தின் தலைவன் மருதாசலம் மூன்று தடவை பார்த்திருந்தான். இவன் தங்கமுத்துவின் மனைவி ஆராயியின் தம்பி. அக்கா கைச் சோற்றில் வளர்ந்தவன். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் படத்தைக் காட்சி காட்சியாக ஒப்பிப்பான். அதில் அடியாள் அறைந்ததும் நாயகன் கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டுவான். பிறகு இடது கையால் ஒரே ஒரு அறை விடுவான். அடியாள் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் போய் விழுவான்.

தமிழில் தொப்பி தலைப்பாகை ஆனதைப் பொறுத்துக்கொண்டார்கள். குதிரை சைக்கிள் ஆனதையும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் என்று சொல்லி, கலாதரன் அறை வாங்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். உடனே ஒரு சோகப் பாட்டு. திருப்பி அடிக்கவே இல்லை, கடைசிவரை. மன்றத்தார் கம்பெனிக்குக் கடுதாசி எழுதினார்கள். பதில் இல்லை. கலாதரனைக் குறை சொல்ல நாக்கு வருமா? டைரக்டர் எங்கேயோ இருக்கிறார். திரை முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது தழும்போடு ஒரு கை. யாரோ ஆட்டுக்காரனாம். கலாதரனை அடிக்க ஓர் ஆட்டுக்காரனா கிடைத்தான்?

படப்பெட்டி ஊர் ஊராக இறங்கி வரத் தொடங்கியது. செய்தியை லாரிக்காரர்கள் கொண்டுவந்தார்கள். சேலத்தில் அந்தக் காட்சிக்குச் செருப்பு பறந்தது. நாமக்கல்லில் திரையைக் கிழித்தார்கள். தாரமங்கலத்தில் வைக்கோலால் ஒரு கை கட்டி, கொட்டகை வாசலில் வைத்துக் கொளுத்தினார்களாம். தழும்புகூட மறக்காமல் போட்டிருந்தார்களாம்.

தாரமங்கலத்துக்கு அடுத்தது மேச்சேரி.

சந்தையில் கூட்டம் தங்கமுத்துவை விட்டு விலகிப்போனது. நாமக்கல்லிலிருந்து வந்த ஒருவன் துண்டுக்குள் கையை விட்டான். அவன் விரல் தழும்பில் பட்டது. உடனே கையை உருவிக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் ஒரு குட்டிகூட விலை போகவில்லை. ஆத்தூரில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போய்ப் படம் போகிறவரை இருந்துவிட்டு வரலாம் என்று ஆராயி மன்றாடினாள். தங்கமுத்து கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சந்தையில் மனுஷன் மறுபடியும் தன் துண்டுக்குள் கை விட வேண்டும். அது இல்லாவிட்டால் ஆத்தூரில் இருந்தால் என்ன, எங்கே இருந்தால் என்ன? இரவில் தூக்கம் வராமல் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பயம்தான், வேறென்ன.

பெட்டி வந்த வாரம் சந்தையில் ஒரு கை துண்டுக்குள் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மருதாசலம். அவன் ஒரு விரலை மட்டும் பிடித்தான்.

"ஒண்ணே ஒண்ணுங்க மாமா. இங்கிலீஷ் படத்துல இருக்கற அந்த அறை. வாங்கிக்கிட்டீங்கன்னா அப்பறம் மேச்சேரியில உங்கள ஒருத்தன் ஒண்ணும் சொல்லமாட்டான். நான் பொறுப்பு."

தங்கமுத்து அந்த ஒரு விரலை மடக்கவில்லை. பேரம் படிந்தது.

டூரிங் டாக்கீஸில் ஒரே ஒரு புரொஜக்டர். ஒரு ரீல் ஓடி முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அறை விழுந்த ரீல் முடிந்து விளக்கு எரிந்ததும், மணல் தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் தானாகவே வழி விட்டது. தங்கமுத்து எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். மருதாசலம் தலையை ஒரு தடவை சீவிக்கொண்டான். இடது கையால் அறைந்தான். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஆராயி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

விசில் கூரையைப் பிய்த்தது. அதோடு முடிந்தது என்று தங்கமுத்துவுக்குக் காதில் ரத்தம் பாய்கிற சத்தத்தோடு ஒரு நிம்மதி வந்தது. அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல், மருதாசலம் உயரம் பத்தாது, கலாதரனாக இவனையா நிறுத்துவது என்றது. இன்னொருவன், தொப்பியைத் தட்டவே இல்லையே என்றான். மூன்றாவது ஆள் பக்கத்து ஊர் நங்கவள்ளிக்காரன். எல்லாம் சரி, ஆனால் இவர் தொட்டியில் விழவில்லையே, அசலில் அதுதானே முக்கியம் என்று வருத்தப்பட்டான். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். விளக்கு அணைந்தது.

மருதாசலம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மேச்சேரியில் அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆராயிதான் தம்பிக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சந்தையில் வியாபாரிகள் பழையபடி சிரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். தங்கமுத்து துண்டை உதறிக் கைமேல் போட்டார். முதல் கை உள்ளே வந்தது. ஆட்டைப் பார்க்காத கை. நிமிர்ந்தால் அந்த நங்கவள்ளிக்காரன். பக்கத்தில் நெட்டையாக ஒருவன் நின்றான். முடி, மீசை, நிற்கிற தோரணை எல்லாம் கலாதரன் போலவே இருந்தது. நல்ல பொருத்தமான ஆளாகத்தான் தேடிப் பிடித்திருந்தார்கள்.

"பொட்டி வெள்ளிக்கெழம எங்க ஊருக்கு வருதுங்க. தொட்டிகூடக் கட்டியாச்சுங்க" என்றான் நங்கவள்ளிக்காரன், மிகவும் மரியாதையாக.

துண்டுக்குள் அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தான். நங்கவள்ளியில் படம் ஐந்து நாள்; நாளுக்கு ஒன்று. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஆட்டைப் பார்க்காமல் நின்றிருந்தார்கள். ஒருவன் ஜலகண்டாபுரம், ஒருவன் எடப்பாடி. வாங்க வந்த வியாபாரிகள் சற்றுத் தள்ளி, இந்தப் பேரம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

தங்கமுத்து மூன்று விரலை மடக்கினார். அந்தக் கை அதில் ஒன்றை மெதுவாக நிமிர்த்திவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டது.