பெரிய பல்லி சொன்ன சம்பந்தம்

மொன்ட்ரியாலில் கோடைக்கு ஒரு படவிழா நடக்கும். பேய்ப்படம், வாள்சண்டைப் படம், ராட்சத மிருகங்கள் ஊரை மிதிக்கிற படம், இப்படியானவைதான் அங்கே ஓடும். மண்டபத்தில் விளக்கு அணைந்ததும், படித்த, வேலைக்குப் போகிற, ஒழுங்காக வரி கட்டுகிற வளர்ந்த மனிதர்கள் இருட்டுக்குள் இருந்து "மியாவ்" என்று கத்துவார்கள். ஒருவர் தொடங்க, பின்வரிசையில் இன்னொருவர் பதில் கொடுக்க, கொஞ்ச நேரத்தில் மண்டபமே பூனைக்கூட்டமாகிவிடும். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சரியாகத் தெரியாது. இந்த நகரத்துக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் குழம்பை ஊற்றி அதை நனைத்துப் பாழாக்குகிறவர்களைக் கண்டு பழகிவிட்டேன். ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் மியாவ் என்று வரவேற்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பக்கத்தில் பட்டுவேட்டியோடு இருந்த என் பெரியண்ணை, "தங்கச்சி, உள்ளுக்குப் பூனையை விட்டிட்டாங்களோ?" என்று கேட்டு, இரண்டு கால்களையும் கதிரைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

சம்பந்தம் பேசப் படமாளிகைக்கு ஏன் போனீர்கள் என்று ஊரிலிருந்து வாசிப்பவர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். என் மகள் துளசி, நாங்கள் இருக்கும் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். அவள் விரும்பிய பிள்ளையின் பெயர் எத்தியேன். கியூபெக்காரன், நல்ல பொடியன், நான் காய்ச்சும் கூழை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தவன். தாய் இல்லாமல் அவனைத் தனியாக வளர்த்தவர் தகப்பன் ஜீல். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தகப்பனுக்கும் மகனுக்கும் கோவில், தேவாலயம் ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த விழாவில் ஓடும் ஜப்பானியப் பல்லிப் படம்தான் அவர்களுக்குத் திருவிழா.

அந்தப் படங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அணுகுண்டுச் சோதனையில் கடலுக்கடியில் விழித்துக்கொண்ட பென்னம்பெரிய பல்லி ஒன்று பட்டினத்துக்குள் ஏறி வந்து, மின்கம்பிகளை அறுத்து, ரயில்வண்டியைக் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி கடலுக்குப் போகும். எழுபது வருடமாக அந்தப் பல்லி வந்துகொண்டே இருக்கிறது. எழுபது வருடமாக அந்தப் பட்டினமும் அதைப் புதிதாகக் கண்டதுபோல அலறி ஓடுகிறது. பழைய படங்களில் இறப்பர் உடுப்புக்குள் நிற்கும் மனிதன் வியர்ப்பது நமக்கே தெரியும்.

இனிப் பெரியண்ணையின் கதை. என் கணவர் காலமாகிவிட்டார். மணவறையில் தகப்பன் இடத்தில் நின்று துளசியைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் பெரியண்ணைதான். அவர் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பொடியன் வெள்ளைக்காரன் எண்டது எனக்குப் பிரச்சினை இல்லை. தேப்பன்காரன் வந்து முறையாப் பிள்ளையைக் கேக்கவேணும். கேளாத இடத்தில நான் சபையில நிக்கமாட்டன்."

அங்கே ஜீலுக்கோ இது விளங்கவே இல்லை. துளசி வளர்ந்த பெண், தானே சம்மதம் சொல்லிவிட்டாள், அவளை இன்னொரு ஆம்பிளையிடம் கேட்டு வாங்க அவள் என்ன தளபாடமா என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். துளசி இரண்டு பக்கமும் தூது போய்க் களைத்து, ஒருநாள் சமையலறையில் நின்று அழுதாள். அண்ணை நிற்காத மணவறையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த நேரத்தில்தான் ஜீல் அண்ணையையும் என்னையும் பல்லிப் படத்துக்கு அழைத்தார். அவருடைய வீட்டில் ஓர் ஆளுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று எத்தியேன் சொன்னான்.

நான் அழைப்பைச் சொன்னதும் அண்ணை முதலில் பார்த்தது ராகுகாலம். "ஞாயிற்றுக்கிழமை நாலரையிலயிருந்து ஆறு. படம் மூண்டுக்குத் தொடங்கினால் முடியேக்க ராகுகாலத்துக்குள்ள நிப்பம். கேக்கிறதெண்டால் அதுக்கு முன்னம் கேக்கவேணும்."

"படத்துக்குள்ளையோ அண்ணை?"

"அது அவையின்ர பாடு."

இந்த நாட்டில் கோடையில் சூரியன் எட்டரை வரைக்கும் அசையாது. கணக்குப்படி ராகுவும் பிந்தித்தான் வரவேண்டும். அண்ணை விடமாட்டார். அவருடைய ராகு இன்னும் எங்கள் ஊர்ப் பருத்தித்துறை நேரத்துக்குத்தான் வேலைக்கு வருகிறது. அதோடு இன்னொரு குறையையும் சொன்னார். "நல்ல காரியம் கதைக்கேக்க ஒரு பல்லி சொல்லவேணும். இந்தக் குளிர் நாட்டில சுவரில ஒரு பல்லியும் இல்லை. எதை நம்பித் துவங்கிறது?"

நான் கூறைச்சேலை ஒன்றைத் தவிர மற்றப்படி கலியாண உடுப்பிலேயே புறப்பட்டேன். எவர்சில்வர் டப்பா நிறையப் பயற்றம் பணியாரம், முறுக்கு, லட்டு. மெட்ரோவில் எல்லோரும் பார்த்தார்கள். படமாளிகை வாசலிலோ ஒருவரும் விநோதமாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் அங்கே நின்றவர்களில் பாதிப்பேருக்கு இறப்பர் வால் இருந்தது. ரிக்கெற் கிழிக்கும் பெண் என்னைப் பார்த்து வேஷம் பிரமாதம் என்றாள். நானும் மெர்சி சொன்னேன். பிறகு அண்ணையின் பட்டுவேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு எல்லாவற்றையும் வியந்து பார்த்துவிட்டு, நீங்கள் எந்தப் படத்திலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். அண்ணை தன்னுடைய பிரெஞ்சுக்கு எட்டிய மட்டும் யோசித்து, "பருத்தித்துறை" என்றார். அந்தப் படத்தைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்று அவள் வருத்தப்பட்டாள்.

ஜீல் பெருத்த உடம்பு, சிவந்த முகம், தலையில் தொப்பி, நெஞ்சில் பல்லி அச்சடித்த பனியன். "போன்ஜூர்" என்று கையை நீட்டினார். அண்ணை கைகூப்பினார். நீட்டிய கை சற்று நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு மற்றக் கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தானும் கூப்பியது. வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்ற அறிவித்தலைக் கண்டதும் ஜீல் என் டப்பாவை வாங்கித் தன் பனியனுக்குள் செருகிக்கொண்டு நடந்தார். அவருடைய நெஞ்சிலிருந்த பல்லிக்குத் திடீரென்று வயிறு வைத்தது. அப்போதே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

அண்ணைக்கும் அந்தப் பல்லிக்கும் பழைய சிநேகம் ஒன்று உண்டு. எண்பதுகளில் எங்கள் பக்கம் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, முற்றத்தில் படம் விடுவார்கள். ஒருமுறை கடைக்காரன் மாறித் தந்த கசெற்றில் நடிகர் திலகத்துக்குப் பதிலாக வந்து நின்றது இந்தப் பல்லிதான். பாஷை ஜப்பான். கீழே ஒரு எழுத்தும் இல்லை. சனம் எழும்பத் தொடங்கியதும் அண்ணை போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று, ஆர் என்ன சொல்கிறார்கள் என்று தமிழில் சொல்லத் தொடங்கினார். ஜப்பான் பாஷை இவருக்கு எங்கே தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பல்லி கவச வாகனத்தை மிதித்து நொறுக்கியபோது முற்றமே எழும்பிக் கைதட்டியது. அந்தக் காலத்தில் எங்கள் வீதியாலும் அப்படியான வாகனங்கள் போய்வந்தன. படம் எடுத்தவர்கள் பல்லியைக் கண்டு பயப்படச் சொன்னார்கள், நாங்கள் அதன் பக்கம் நின்றோம். பிறகு நாங்களும் கடல் கடந்து ஏதேதோ பட்டினங்களுக்குள் ஏறி வந்தோம், ஒன்றையும் மிதிக்காமல்.

மியாவ் அடங்கிப் படம் தொடங்கியது. அண்ணை, நான், எத்தியேன், துளசி, ஜீல் என்ற வரிசையில் இருந்தோம். கீழே பிரெஞ்சு எழுத்து ஓடியது. அண்ணை அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. கடல் கொந்தளித்து முதல் தலை தெரிந்ததும் பழைய முற்றம் அவருக்குள் வந்துவிட்டது. எனக்குச் சொல்கிற சாட்டில் நாலு வரிசைக்குக் கேட்கும்படி கதை சொல்லத் தொடங்கினார்.

"இந்தப் பல்லி ஆர் தெரியுமோ? அந்தப் பெட்டைக்குத் தாய்மாமன். அவளுக்கு இப்ப கலியாணம். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, மாமனுக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை."

திரையில் பாலம் முறிந்தது. "பின்ன, கோபம் வராதோ?" என்றார் அண்ணை. பீரங்கிகள் வரிசையாக வந்தன. "இது மாப்பிள்ளை வீட்டுக்காரர். கேக்க வாறவை பழத்தட்டோட எல்லோ வரவேணும்? பீரங்கியோட வந்தால் ஆர் பிள்ளையைக் குடுக்கிறது?"

துளசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் படத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்துவரும் ஜீல், மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவள் காதுக்குள் பிரெஞ்சில் சொன்னாள். ஜீல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் பனியனுக்குள் இருந்த முறுக்கு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் திரையைப் பார்க்கவில்லை. அண்ணை சொல்லச் சொல்ல, துளசி மாற்ற மாற்ற, அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். துளசி அதைத் தமிழில் கொண்டுவந்தாள்.

"மாமா, அந்தப் பல்லிக்கு இப்ப என்ன வேணுமாம்?"

அண்ணை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெருசா ஒண்டுமில்லை. பிள்ளையை எங்களுக்குத் தாறியளோ எண்டு ஒரு சொல்லு. கேட்டால் அது தன்ர பாட்டில கடலுக்குப் போயிடும்." பிறகு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தேப்பன் இல்லாத பிள்ளை. ஒருத்தரையும் கேளாமல் கூட்டிக்கொண்டு போனால், அவளுக்கெண்டு ஒருத்தரும் இல்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்."

அண்ணையின் பிடிவாதத்துக்குள் இது இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அவருடைய மரியாதைக்காகத்தான் இந்த ஆட்டம் ஆடுகிறார் என்று மனதுக்குள் நானும் திட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. துளசி அதைப் பிரெஞ்சில் சொல்ல மிகவும் கஷ்டப்பட்டாள். பாதியில் நிறுத்தி, எத்தியேனின் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

ஜீல் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெரிய உடம்போடு இருட்டுக்குள் எழும்பி, அண்ணையின் பக்கம் திரும்பி நின்றார். திரை மறைந்ததில் பின்னால் இருந்தவர் கோபமாக ஒரு மியாவ் விட்டார். ஜீல் அசையவில்லை. "உங்கள் பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கேட்கிறேன். அவள் ஏற்கனவே சம்மதம் சொல்லிவிட்டாள். இருந்தாலும் உங்களையும் கேட்கிறேன்" என்றார்.

துளசி அதைத் தமிழில் சொல்லி முடிக்க, திரையில் பல்லி வாயைப் பிளந்து உறுமியது. கதிரைகள் அதிர்ந்தன, என் தோட்டின் தொங்கல் ஆடியது. அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை ஆகவில்லை. பிறகு சுட்டுவிரலை மடக்கி, கதிரைக் கைப்பிடியில் டக் டக் என்று தட்டினார், ஊரில் சுவரில் பல்லி சொல்லும்போது தட்டுவதுபோல.

"பல்லி சொல்லிட்டுது" என்றார். "ஓம்."

படம் முடிந்து தெருவோரத்தில் நின்று நொறுங்கிய முறுக்கைத் தின்னும்போது அண்ணைக்கு ஒரு சந்தேகம் வந்தது. பல்லி எந்தத் திசையிலிருந்து சொன்னது? பலன் திசையைப் பொறுத்தது. திரை தெற்குப் பக்கம் என்று எத்தியேன் சொன்னதும் அண்ணையின் முகம் கறுத்துப்போயிற்று, தெற்கு யமனின் திசையல்லவா. நல்லவேளையாக இந்த நகரம் திசைக்கும் தன் விருப்பப்படிதான் பெயர் வைத்திருக்கிறது. ஆற்றங்கரையைப் பார்த்துப் பெயரிட்டதால் இங்கே தெற்கு என்பது உண்மையில் கிழக்குப் பக்கம், சூரியன் தெற்குக்கரையில் உதிக்கிறது. அந்தத் தெற்குக்கரைப் புரோசார்டில் இருக்கும் அண்ணைக்கு அது தெரியும். உடனே கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்து, "கிழக்குத்தான், கிழக்குத்தான்" என்று குதூகலித்தார். நேரத்துக்குச் சூரியனைக் கணக்கில் எடுக்காத மனிதர், திசைக்குச் சூரியனைத் துணைக்குக் கூப்பிட்டார். நான் அவருடைய கையில் ஒரு லட்டை வைத்தேன்.

இலையுதிர்காலத்தில் கலியாணம் நடந்தது. அண்ணையும் அவருடைய மனைவி, என் மச்சாளும் நின்று நீர் வார்த்தார்கள். அண்ணை வார்த்ததில் பாதித் தண்ணீர் ஜீலின் புது வேட்டியில் ஊற்றுண்டது.

கலியாணத்துக்குப் பிறகு ஜீல் என் எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பல்லி இருந்தது. சாமான் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவருக்கு ஆர் சொன்னார்கள்? துளசி தான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

இப்போது வீட்டில் நான் தனி. பல்லியைச் சாமித்தட்டின் ஓரத்தில், யன்னலைப் பார்த்து வைத்திருக்கிறேன். இந்த ஊர்க்காரருக்கு அது தெற்கைப் பார்க்கிறது, எனக்குக் கிழக்கை. காலையில் வெயில் நேராக அதன் முகத்தில் விழும். வயிற்றில் ஒரு பொத்தான் உண்டு, அமத்தினால் உறுமும். விளக்கேற்றிவிட்டு அதனிடம் ஏதாவது கேட்பேன். துளசி இண்டைக்கு வருவாளோ, இந்த முறை பனி குறைவோ என்று சின்னச் சின்னக் கேள்விகள். கேட்டுவிட்டு நானே வயிற்றை அமத்துவேன். போன கிழமை கொஞ்சம் பெரிய கேள்வி கேட்டேன். "கடைசிக்காலத்தில ஊரோட போய் இருப்பமோ?" அமத்தினேன். உறுமியது. விரலை மடக்கித் தட்டில் தட்டினேன். யன்னலுக்கு வெளியே துளசி வேலை செய்யும் ஆஸ்பத்திரி தெரிந்தது. "இல்லாட்டி, இஞ்சையே இருந்திடுவமோ?" என்று கேட்டு மறுபடியும் அமத்தினேன்.

அதே உறுமல். அதற்கும் தட்டினேன்.