காளவாய்க் கொட்டகையில் இருவர்

அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். இப்போது இரண்டாம் முறையாகப் பிரிக்கிறார்கள். என் கவலை அதுவல்ல. சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் மகனுக்கு அங்கே முதலுதவி வகுப்பு நடத்தினார்களாம். விஷவாயு தாக்கியவனை உடனே காற்றோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தூங்குகிறான் என்று விட்டுவிடக் கூடாது. முகம் சிவந்திருந்தால் அதை நலம் என்று நம்பக் கூடாது. அவன் சொல்லச் சொல்ல விரல் மடக்கினேன். மூன்றில் ஒன்றுகூட என் சிறுவயதில் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

அப்போது ஊருக்கு மேற்கே ஐந்து சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி எரிப்பார்கள். மூன்றாவதில் என் மாமா வேலை செய்தார். குடிப்பவர். அந்த ஆண்டுதான் ஏலாக்குறிச்சி மாதா முன்னால், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். மீறினால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அத்தையும் அங்கேயே ஒரு சத்தியம் செய்துவிட்டாள்.

ஐப்பசி அடைமழை. நண்பகலில் அத்தையும் நானும் சோறு கொண்டுபோனோம். காளவாய்ச் சுவரை ஒட்டிய சின்னக் கொட்டகையில் மாமாவும் மேஸ்திரியும் ஒதுங்கியிருந்தார்கள். சாரலுக்காக வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. அத்தை அதை விலக்கினாள். மாமா வாந்தியெடுத்துக் குப்புறக் கிடந்தார். உலுக்கினால் நாக்கு குழறியது.

“குடிக்கல புள்ள... தலதான் வெடிக்குது.”

“மாதாவுக்கே டிமிக்கி குடுத்தாச்சா?”

காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, அவரை மழையில் போட்டாள். நனைந்தால்தான் போதை இறங்குமாம்.

மேஸ்திரி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூத்தவர், ஞாயிறு பூசை தவறாதவர், ஒரு சொட்டும் தொடாதவர். முகம் செக்கச் சிவந்து நல்ல களையாக இருந்தது. அத்தையின் குரல் தணிந்தது.

“பெரியவரு அசந்து தூங்குறாருடா, எழுப்பாத.”

சாரல் அவர்மேல் படாமல் படுதாவை ஓரம்வரை இழுத்துவிட்டாள். பறக்காமலிருக்க அடியில் இரண்டு கல்லும் வைத்தாள்.

மாமா மாலையில் தானே எழுந்து வீட்டுக்கு வந்தார். மேஸ்திரி எழவில்லை.

மறுநாள் அடக்கத்தில் யாரோ பேச்செடுத்தார்கள்: அது காளவாய்ப் புகையாகத்தான் இருக்கும், வெளியே கிடந்தவன் பிழைத்துக்கொண்டான். அத்தை கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாமாவிடம் மெல்லக் கேட்டாள்.

“நேத்து நீங்க குடிச்சிருந்தீங்கதான?”

சுவரைப் பிடித்திருந்த அவள் கையை மாமா பார்த்தார்.

“ஆமா புள்ள, குடிச்சிருந்தேன். அவரு நெஞ்சு வலிக்குதுன்னு காலையிலேயே சொன்னாரு.”

அத்தை பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் சாகும்வரை அவரைச் சத்தியம் மீறியவர் என்று ஏசினாள். மாமா ஒருமுறைகூட மறுக்கவில்லை. இரண்டு நாளில் இரண்டு பேச்சு. கொட்டகையில் கிடந்தபோது சொன்னதுதான் பொய் என்று அந்தச் சிறுவயதில் எனக்குள் தீர்த்துக்கொண்டேன்.