ஆமெனுக்கு முன்னால் ஓர் அட்டை

தாம்பரத்தில் நான் நர்ஸாக இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெபம் செய்யாமல் ஆபரேஷன் தொடங்கமாட்டார்கள். நோயாளி எந்த மதமானாலும் சரி, மேசையைச் சுற்றி நின்று எல்லாரும் கண்ணை மூடுவோம். தியேட்டரின் மூத்த நர்ஸ் ஜெபித்து முடித்து, எல்லாரும் 'ஆமென்' சொன்ன பிறகுதான் டாக்டர் கத்தியைத் தொடுவார். அறுபதுகளில் அந்த மூத்த நர்ஸ் நான். டாக்டரே என் குரலுக்காகக் காத்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அப்போதுதான் நாகர்கோவிலிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். என்னைவிட இளையவள், குரலும் என்னைவிட நன்றாக இருந்தது. ஒருநாள், வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு வந்தவருக்கு இடப்பக்கம் சவரம் செய்து வைத்திருந்தோம். அவள்தான் கண்டுபிடித்தாள். கொஞ்சம் பொறுத்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். மறுநாளே எக்ஸ்ரே பிலிம் பெட்டியின் அட்டையில் சிவப்புப் பென்சிலால் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்தாள்: எந்தப் பக்கம், கடைசியாக எப்போது சாப்பிட்டார், ரத்தம் தயாரா, துடைக்கிற பஞ்சை எண்ணியாயிற்றா.

முதலில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் விடவில்லை.

"அக்கா, நீங்க ஜெபம் முடிக்கதுக்கு முன்னால நான் இத வாசிச்சிரட்டா? ஆமென் சொல்லாம ஒருத்தரும் அசைய மாட்டாங்கல்லா."

டாக்டர் உடனே சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து என் ஜெபத்தின் வாலில் அவளுடைய அட்டை. ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாரும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்கள். என் ஜெபத்தை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

கல்யாணம் நிச்சயமாகி அவள் வேலையை விட்டபோது ஸ்டேஷன்வரை போய் வழியனுப்பினேன். திருநெல்வேலி ரயில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதா என்று பார்க்கத்தான் போனேன்.

மறுநாள் காலை ஆபரேஷனில் பழையபடி ஜெபித்து, "ஆமென்" என்று கண்ணைத் திறந்தேன். வேறு யாரும் ஆமென் சொல்லவில்லை. டாக்டர் கண்மூடியபடியே நின்றார். தியேட்டர் ஆயா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர், அட்டைய படிக்காமலே ஆமென் சொல்லிக்கினு கீறீங்க?"

அவள் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்த அட்டையைக் கழற்றிப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் மறுபடியும் ஆமென் என்றேன். எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். என் ஜெபத்துக்கு அவ்வளவு சத்தமாக ஆமென் வந்ததே இல்லை.